கல்லுக்குள் மக்காச்சோளம், மலைமேல் நெல்

பைக்கும் கேமராவும் – பகுதி 11

வியட்நாமின் வடகோடியில், சீன எல்லையை ஒட்டிக் கிடக்கும் மலைநாடு ஹா ஜாங். தலைநகர் ஹனோயிலிருந்து சுமார் 300 கி.மீ. தொலைவு. தனி மாகாணமாக இருந்த இது 2025 ஜூலை 1 முதல் துயென் குவாங் மாகாணத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் பயணிகள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள். ஹா ஜாங் நகரில் தொடங்கி குவான் பா, யென் மின், டோங் வான், மேயோ வாக் ஊர்கள் வழியாகச் சுற்றித் திரும்பும் ஏறத்தாழ 350 கி.மீ. வட்டப்பாதை, பைக் பயணிகளும் புகைப்படக்காரர்களும் பெரிதும் நாடிவரும் ஆசியப் பாதைகளில் ஒன்று.

இந்தப் பாதையில் எங்கே நிறுத்தினாலும் அழகான படம் கிடைக்கும் என்பார்கள். பாதி உண்மைதான். எங்கே நிறுத்தினாலும் கிடைப்பது, ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்த படம். இங்கே கண்ணில் படும் மலைச்சரிவும் கல்வேலியும் படிவயலும் யாரோ ஒருவரின் உழைப்பால் உருவானவை. அந்த உழைப்பு எது, ஆண்டின் எந்த மாதத்தில், வாரத்தின் எந்த நாளில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு, அதே வளைவில் வேறொரு படம் கிடைக்கிறது.

இரண்டு மலை, இரண்டு விவசாயம்

ஹா ஜாங்கில் இரண்டு வகை மலைகள் உண்டு. கிழக்கே இருப்பது டோங் வான் சுண்ணாம்புக்கல் பீடபூமி. 2010இல் உலகப் புவியியல் பூங்காக்களின் பட்டியலில் இடம்பெற்ற இதன் பரப்பு 2,300 சதுர கி.மீ.க்கு மேல். வியட்நாமில் இந்தத் தகுதியை முதலில் பெற்ற இடம் இதுதான். மேற்கே இருப்பது ஹுவாங் சு ஃபீ. அங்கே மலைகளின் மேல் ஆழமான மண் போர்த்தியிருக்கிறது.

சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் தங்காது. மழைநீர் பாறையைக் கரைத்துப் பிளவுகள் வழியே கீழே இறங்கிவிடும். அதனால் டோங் வான் பீடபூமியில் மழைக்காலம் முடிந்ததும் குடிநீருக்கே தட்டுப்பாடு வந்துவிடும். மழைநீரைச் சேமிக்க மலைமேல் கட்டப்பட்ட திறந்த நீர்த்தேக்கங்களைப் பல ஊர்களில் காணலாம். நெல்லுக்குத் தேவையான நீர் பெரும்பாலான சரிவுகளில் கிடைப்பதில்லை. இங்கே வாழும் ஹ்மோங் மக்களின் முதன்மை உணவு மக்காச்சோளம். அதைத் திருகைக்கல்லில் அரைத்து, இரண்டு முறை ஆவியில் வேகவைத்துச் செய்யும் மென் மென் என்ற உணவுதான் வீட்டுச் சாப்பாடு.

மக்காச்சோளம் விதைக்கவும் இங்கே போதிய மண் இல்லை. பாறைகளுக்கு இடையே உள்ள குழிகளில் முதுகுக்கூடையில் மண் சுமந்து வந்து கொட்டுகிறார்கள். மழையில் அந்த மண் கரைந்து போகாமலிருக்கச் சுற்றிலும் சிறு கற்களை அடுக்குகிறார்கள். ஒவ்வொரு குழியிலும் சில விதைகளை ஊன்றுகிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் கரும்பாறைச் சரிவில் பச்சைப் புள்ளிகள் தெரியும். கிட்டே போனால், ஒரு கை நுழையுமளவு மட்டுமே உள்ள இடுக்கிலிருந்து ஒரு மக்காச்சோளத் தட்டை எழுந்து நிற்பதும், அதன் அடியில் கையால் அடுக்கிய கல்வரிசையும் தெரியும். பீடபூமியின் கதை முழுவதும் அந்த ஒரு குழியில் இருக்கிறது. சாலையோரக் காட்சி மேடையிலிருந்து மட்டும் படமெடுப்பவருக்கு அது தெரிவதே இல்லை.

மேற்கே ஹுவாங் சு ஃபீயில் நிலைமை நேரெதிர். மண் உண்டு; மலையுச்சிக் காட்டிலிருந்து ஊற்றுநீர் இறங்குகிறது. ஜாவ், லா சீ, நுங் முதலிய இனத்தார் பல தலைமுறைகளாகச் சரிவுகளை வெட்டிப் படிவயல்களாக்கியிருக்கிறார்கள். வாய்க்கால்களும் மூங்கில் குழாய்களும் நீரை வயல் வயலாக இறக்கிவிடுகின்றன. உச்சிக்காட்டை வெட்டினால் கீழே வயல் காய்ந்துவிடும். படிவயலைப் படமெடுக்கும்போது மேலே உள்ள காட்டையும் சேர்த்து ஒரு சட்டத்துக்குள் கொண்டுவந்தால், அந்த வயல் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதைப் படமே சொல்லிவிடும். பக்கத்து மலைநாட்டில் உள்ள மு காங் சாய் படிவயல்கள் 2007இல் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. அங்கே வயல்களை வெட்டியவர்கள் ஹ்மோங் மக்கள்.

பாறையைக் குடைந்த சாலை

ஹா ஜாங் நகரையும் மேயோ வாக்கையும் இணைக்கும் 4சி தேசிய நெடுஞ்சாலைக்கு ஹான் ஃபுக் என்று பெயர். மகிழ்ச்சிச் சாலை என்று பொருள். சுமார் 185 கி.மீ. நீளமுள்ள இது 1959 முதல் 1965 வரை, பல இனங்களைச் சேர்ந்த இளைஞர்களின் கையுழைப்பால் போடப்பட்டது. அதற்கு முன் பீடபூமியின் ஊர்களுக்குக் கால்நடையாகவும் குதிரையிலும் மட்டுமே போக முடிந்தது. கடைசிக் கட்டமான மா பி லெங் கணவாயில் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டே இளைஞர்கள் கல்லை உடைத்தார்கள். அந்த ஒரு பகுதிக்கு மட்டும் 11 மாதம் பிடித்தது.

சுமார் 20 கி.மீ. நீளும் அந்தக் கணவாயிலிருந்து, பல நூறு மீட்டர் கீழே ஞோ குவே ஆறு தெரிகிறது. மழை இல்லாத மாதங்களில் ஆறு மரகத நிறத்தில் ஓடும். மழைக்காலத்தில் மண் கரைந்து செந்நிறமாகிவிடும். படங்களில் காணும் பச்சை நிறத்தைத் தேடி ஜூலையில் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

மா பி லெங்கைப் படமெடுப்பதில் அளவுதான் சிக்கல். பள்ளத்தின் ஆழத்தை அகலக்கோண லென்ஸ் தட்டையாக்கிவிடும். மலைகளெல்லாம் குன்றுகளாகத் தெரியும். எதிர்ச் சரிவில் சாலை கோடாக ஓடும் இடத்தைத் தேர்ந்து, 100 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸில் சட்டத்தை ஒடுக்கி, அந்தக் கோட்டில் ஒரு பைக்கோ கூடை சுமந்து நடக்கும் ஒருவரோ வரும்வரை காத்திருந்தால், மலையின் உயரம் தானாகவே விளங்கும். அந்தச் சிறு உருவம் இல்லாவிட்டால் எத்தனை பெரிய மலையும் படத்தில் பெரிதாகாது.

மோட்டார் சைக்கிளின் தனிப்பயன் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. பேருந்து நிற்காத வளைவில் அது நிற்கும். கார் நுழையாத மண்பாதையில் இறங்கும். வேண்டிய இடத்தில் அரைமணி காத்திருக்கும். ஆனால் வண்டி ஓட ஓட மனம் அடுத்த வளைவுக்கே தாவும். நல்ல படம் தேடிப் போகிறவர் ஒரு நாளைக்கு 80, 100 கி.மீ.க்கு மேல் திட்டம் போடாமலிருப்பது நல்லது. வட்டப்பாதையை மூன்றே நாளில் முடிப்பவர்களுக்குச் சாலை கிடைக்கும், ஊர் கிடைக்காது.

பயிர் நாட்காட்டி

ஹா ஜாங்குக்கு எப்போது போகலாம் என்ற கேள்விக்கு வானிலை பாதி விடைதான் சொல்லும். மீதி விடை வயலில் இருக்கிறது.

ஜனவரி பிற்பகுதியிலும் பிப்ரவரியிலும் பீச், பிளம் மரங்கள் பூக்கும். மண்சுவர் வீடுகளின் முற்றத்தில், இலையில்லாக் கிளைகளில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூ நிற்கும். அதே மாதங்களில்தான் மூடுபனியும் குளிரும் கடுமை. சில நாட்களில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வசந்தத்தின் முதல் மழைக்குப் பிறகு பாறைக்குழிகளில் மக்காச்சோள விதைப்பு தொடங்கும்.

மே, ஜூன் மாதங்கள் படிவயல்களுக்கு நீர் பாய்ச்சும் காலம். ஹுவாங் சு ஃபீயில் ஆண்டுக்கு ஒரு போகம்தான். மழை தொடங்கியதும் மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு நீர் இறங்கி, மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக நீர்த்தளங்களாகிவிடும். உழவும் நடவும் இந்த வாரங்களில்தான் நடக்கும். எருமையை ஓட்டும் ஆளும், வரப்பைக் களிமண்ணால் பூசும் பெண்ணும், நாற்றுக்கட்டைச் சுமந்து வரும் சிறுவனும் ஒரே சட்டத்துக்குள் வரும் காலம் இது.

ஜூலை, ஆகஸ்டில் எல்லாம் பச்சை. ஆனால் கனமழையும் நிலச்சரிவும் இந்த மாதங்களில்தான் அதிகம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நெல் பழுக்கிறது. மலையின் உயரத்தையும் நடவு தேதியையும் பொறுத்து அடுத்தடுத்த ஊர்களில் அறுவடை முன்பின்னாக நடப்பதால், ஓர் ஊரில் அறுப்பு முடிந்திருந்தாலும் பக்கத்துச் சரிவில் மஞ்சள் நிற்கும். அறுத்த கதிரை வயலிலேயே பெரிய மரத்தொட்டியில் அடித்து நெல்லைப் பிரிக்கிறார்கள். கதிர் அடிக்கும் ஓசை ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குக் கேட்கும். படமெடுப்பவர் அந்த ஓசையைப் பின்பற்றி நடந்தாலே வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

அக்டோபர், நவம்பரில் பீடபூமியில் பக்வீட் பூக்கிறது. மக்காச்சோளம் அறுத்த நிலத்தில் விதைக்கும் இந்தச் சிறுதானியம், உணவு குறைந்த மாதங்களில் பசி தீர்த்த பயிர். வெள்ளையில் தொடங்கி இளஞ்சிவப்பாக மாறும் இதன் பூவுக்காக இன்று ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். சில வயல்களில் உரிமையாளர்கள் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். அந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். மிதிபடுவது அவர்களுடைய பயிர். நவம்பர், டிசம்பரில் வீட்டு உத்தரங்களில் மஞ்சள் மக்காச்சோளக் கதிர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மங்கலான மண்சுவருக்கு முன்னால் அந்த மஞ்சள், குளிர்காலப் படங்களுக்குக் கிடைக்கும் கொடை.

வெளிச்சத்தை வாசித்தல்

ஹா ஜாங் கடகரேகையை ஒட்டி இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் படிவயலில் படியும் தெரியாது. பழுத்த நெல்வயலுக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் காலை, மாலை வெயில்தான் பொருத்தம். ஒவ்வொரு வரப்பும் அடுத்த வயலின் மேல் ஒரு நிழற்கோட்டைப் போடும்.

நீர் நிறைந்த வயலுக்கு இந்த விதி மாறும். அங்கே சூரியனுக்கு எதிர்முகமாக நிற்க வேண்டும். நீர் வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ள, வரப்புகள் கருங்கோடுகளாகும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியை அப்போது கழற்றிவிடலாம். நீரின் பிரதிபலிப்புதான் அந்தப் படத்தின் உயிர். மழைக்குப் பிந்தைய ஈரப் பச்சைக்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் அதே வடிகட்டி பெரிதும் உதவும்.

ஆழமான பள்ளத்தாக்குகளுக்குள் காலை வெயில் விழாது. ஞோ குவே ஆற்றின் பச்சை நிறம் முழுதாகத் தெரிய, சூரியன் உயரே ஏறி ஒளி ஆற்றுப்படுகை வரை இறங்க வேண்டும். விடியற்காலைதான் சிறந்த நேரம் என்ற பொதுவிதி அங்கே செல்லாது.

மூடுபனியைக் கண்டு கேமராவை உள்ளே வைத்துவிடுபவர்கள் பலர். அது இந்த மலைகளின் இயல்பான வெளிச்சம். கேமராவின் ஒளிமானி எதையும் நடுச்சாம்பல் நிறமாகவே கணிப்பதால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகப் பதிவாகும். ஒரு ஸ்டாப் அளவு ஒளியைக் கூட்டினால் பனி பனியாகத் தெரியும். ஹ்மோங் பெண்களின் கருநீல உடையை நெருக்கத்தில் எடுக்கும்போது இதற்கு நேர்மாறு. ஒளிமானி அளவுக்கு மீறி வெளிச்சத்தைக் கூட்டி, முகத்தை வெளிறச் செய்துவிடும். அப்போது ஒளியைக் குறைக்க வேண்டும்.

சந்தை நாள்

பீடபூமியின் ஊர்கள் சிதறிக் கிடப்பவை. ஒரு மலையில் நான்கு வீடு, அடுத்த மலையில் ஐந்து. இவர்கள் எல்லாரும் கூடும் இடம் சந்தை. டோங் வானிலும் மேயோ வாக்கிலும் ஞாயிறுதோறும் சந்தை கூடுகிறது. சா ஃபின், லுங் ஃபின் போன்ற சிற்றூர்ச் சந்தைகள் ஆறு நாளுக்கு ஒருமுறை கூடுபவை. பன்னிரு விலங்குகளின் பெயரால் நாட்களை எண்ணும் பழைய முறைப்படி, ஒரு சுற்றில் இரண்டு நாட்கள் சந்தை நாள். இந்த வாரம் ஞாயிறு என்றால் அடுத்தது சனி, அதற்கடுத்தது வெள்ளி என்று பின்னோக்கி நகரும். அதனால் இவற்றைப் பின்வாங்கும் சந்தை என்றே அழைக்கிறார்கள். பயணத் திட்டம் போடும்போது இந்தக் கணக்கை உள்ளூர் விடுதியில் கேட்டுக்கொண்டால், கூட்டமான ஞாயிறுச் சந்தையோடு, வெளியூரார் அதிகம் வராத சிறுசந்தை ஒன்றையும் பார்க்கலாம்.

சந்தை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. படம் சந்தைக்குள் மட்டும் இல்லை. சந்தைக்குப் போகும் பாதையிலும் இருக்கிறது. கயிற்றில் கட்டிய பன்றிக்குட்டியை நடத்திக்கொண்டு வருபவர், கூடையில் கோழியும் கீரையும் சுமந்து வருபவர், ஒரே பைக்கில் குடும்பத்தோடு வருபவர் என்று இருள் பிரியும் நேரத்தில் மலைப்பாதைகள் நிறைகின்றன. பைக்கில் மாட்டுத்தீவனமும் சிமென்ட்டும் கூண்டில் அடைத்த பன்றியும் ஏற்றிப்போவது வியட்நாமின் அன்றாடம். நெதர்லாந்துப் புகைப்படக்காரர் ஹான்ஸ் கெம்ப், சுமையேற்றிய வியட்நாமிய பைக்குகளை மட்டுமே பொருளாக வைத்து ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டிருக்கிறார். அப்படி ஓடும் வண்டியைப் படமெடுக்க ஷட்டர் வேகத்தை 1/30 வினாடியாக வைத்து, வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் நகர்த்தினால், வண்டி தெளிவாகவும் பின்புலம் கோடுகளாகவும் பதியும்.

சந்தைக்குள் கால்நடைத் திடல், துணிக்கடை, மக்காச்சோளச் சாராயம் விற்கும் வரிசை, தாங் கோ என்ற இறைச்சிக் குழம்பு கொதிக்கும் பெரிய கொப்பரை என்று பகுதி பகுதியாக வேலை நடக்கும். சாராயம் விற்கும் பெண்கள் பிளாஸ்டிக் கேன்களோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வாங்க வருபவர் கொஞ்சம் ஊற்றிச் சுவைத்துப் பார்த்து, அடுத்த கேனுக்கு நகர்வார். இந்தப் பேரமும் சிரிப்பும் முகபாவங்களும் 35 மி.மீ. லென்ஸில், இரண்டு மூன்று அடி தூரத்தில் நிற்பவருக்குத்தான் கிடைக்கும். தொலைவில் ஒளிந்துநின்று நீள லென்ஸில் எடுத்த படத்தில் அந்த நெருக்கம் வராது. எடுப்பவர் யாரென்று அவர்களுக்கும் தெரியாமல் போகும்.

சந்தையில் இன்று விற்கும் மடிப்புப் பாவாடைகளில் பெரும்பகுதி எல்லை கடந்து வரும் ஆலைத்துணி. கைபேசியில் பேசிக்கொண்டே பேரம் பேசும் இளைஞரும், பிளாஸ்டிக் நாற்காலியும், செயற்கை இழைப் பாவாடையும் இந்த வாழ்க்கையின் பகுதிகள். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பழைய கோலத்தை மட்டும் பொறுக்கி எடுத்தால், அது அந்த மக்களைப் பற்றிய பொய்யாகிவிடும்.

ஒரு துணி உருவாகும் கதை

குவான் பா பகுதியின் லுங் தாம் கிராமத்தில் ஹ்மோங் பெண்களின் நெசவுக் கூட்டுறவு ஒன்று இயங்குகிறது. ஹெம்ப் என்ற நார்ச்செடியிலிருந்து துணி நெய்கிறார்கள். ஒரே தொழிலை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ந்து படமெடுக்க இது நல்ல இடம்.

செடியை அறுத்து உலர்த்தி, பட்டையை உரித்து, மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். ஓர் இழையின் நுனியை அடுத்த இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்கும் வேலை முடிவே இல்லாதது. நடக்கும்போதும் சந்தைக்குப் போகும்போதும் பேசிக்கொண்டிருக்கும்போதும் பெண்களின் கைகள் அதைச் செய்துகொண்டே இருக்கும். பிறகு காலால் மிதித்து இயக்கும் சக்கரத்தில் ஒரே நேரத்தில் பல இழைகளை முறுக்கி நூலாக்கி, சாம்பல் நீரில் வேகவைத்து வெளுக்கிறார்கள்.

நெய்த துணியை வழவழப்பாக்கும் முறை கண்கொள்ளாக் காட்சி. உருளையான மரக்கட்டையின் மேல் துணியைப் படியவைத்து, அதன்மேல் ஒரு தட்டைக்கல்லை வைக்கிறார்கள். கல்லின் மேல் ஒரு பெண் ஏறி நின்று, இரு கால்களாலும் இடமும் வலமும் மாற்றி மாற்றி அழுத்துகிறார். கல் ஆடுகிறது, கட்டை உருள்கிறது, துணி பளபளப்பாகிறது. இதை முகத்தோடு சேர்த்து ஒரு படம், பாதத்தையும் கல்லையும் மட்டும் ஒரு படம் என்று இரண்டாக எடுத்தால் செயல் முழுதாக விளங்கும். அதன் பிறகு தேன்மெழுகை உருக்கி உலோகமுனைப் பேனாவால் கோலம் வரைந்து, அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்ப முக்கி உலர்த்துவார்கள். மெழுகு இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். அவுரித் தொட்டியிலிருந்து வெளிவரும் பெண்ணின் நீலக் கைகள், முகம் இல்லாமலேயே ஓர் உருவப்படமாகும்.

கேட்டுவிட்டு எடுப்பது

ஒருவரை நெருங்கிப் படமெடுக்க அனுமதி வேண்டும். வயதான ஹ்மோங் மக்கள் பலருக்கு வியட்நாமிய மொழி வராது. கேமராவைக் காட்டி, முகத்தைப் பார்த்து, தலையசைப்பால் கேட்டால் போதும். மறுத்தால் புன்னகையோடு விலக வேண்டும். எடுத்த படத்தைத் திரையில் காட்டுவதும், சிறிய கையடக்க அச்சுக்கருவி இருந்தால் அங்கேயே ஒரு பிரதி கொடுப்பதும் உறவை வளர்க்கும். சுவரில் மாட்ட ஒரு குடும்பப் படம் கிடைப்பது பல வீடுகளுக்கு இன்றும் பெரிய மகிழ்ச்சி.

சாலை வளைவுகளில் இன உடை அணிந்து, முதுகுக்கூடை நிறையப் பூவோடு நிற்கும் சிறுவர் சிறுமியரை எடுப்பதில் தனிக்கவனம் வேண்டும். படத்துக்குப் பணம் கிடைக்கும் என்றால் பள்ளிநேரத்திலும் குழந்தை சாலையில்தான் நிற்கும். அந்தப் பணத்தைத் தராமலிருப்பதும், அந்தப் படத்தை எடுக்காமலிருப்பதும் குழந்தைக்குச் செய்யும் நன்மை. உதவ விரும்புபவர் ஊரில் ஒரு வேளை சாப்பிடலாம். ஒரு வீட்டில் தங்கலாம். நெசவாளரிடம் துணி வாங்கலாம்.

வீட்டு வாசலில் பச்சைக்கிளையோ மூங்கில் பின்னலோ தொங்கினால், அந்த வீட்டில் சடங்கோ நோயோ பிரசவமோ உண்டு. அயலார் நுழையக்கூடாது என்று பொருள். உள்ளே அழைக்கப்பட்டாலும் முன்னோர் வழிபாட்டு இடத்தைக் கேட்காமல் படமெடுப்பது தவறு.

கேமராவைச் சுமக்கும் வண்டி

1932இல் லண்டனிலிருந்து டக்ளஸ் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு டோக்கியோ வரை சென்ற அமெரிக்கர் ராபர்ட் எடிசன் ஃபுல்டன் ஜூனியர், வழியில் ஏறத்தாழ 40,000 அடி திரைப்படச் சுருளில் காட்சிகளைப் பதிவு செய்தார். இன்று அதைவிடப் பல மடங்கு காட்சி நகத்தளவு அட்டையில் அடங்கிவிடுகிறது. ஆனால் அதிர்வு, தூசி, ஈரம் ஆகிய மூன்று பகைகள் அன்றுபோலவே இருக்கின்றன.

அதிர்வு லென்ஸின் திருகுகளைத் தளர்த்தும். கேமராவை வண்டியின் பின்பெட்டியில் போடாமல், நுரைத்தடுப்பு உள்ள பையில் வைத்து உடம்போடு மாட்டிக்கொண்டால் உடம்பே அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். கைபேசிக்கும் இது பொருந்தும். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. வழி பார்க்கக் கைபேசியை ஹேண்டில்பாரில் மாட்டுவோர் அதிர்வு தாங்கும் பிடிப்பான் பொருத்த வேண்டும்.

தூசி பறக்கும் சாலையில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்க்க, 24–105 அல்லது 24–120 மி.மீ. போன்ற ஒரே லென்ஸ் பெரும்பாலான வேலைக்குப் போதும். படிவயலுக்கு ஒரு நீள லென்ஸ், சந்தைக்கும் வீட்டுக்குள்ளும் ஒரு சிறு 35 மி.மீ. லென்ஸ் கூடவே இருந்தால் நிறைவு. மழைக்கு நீர்புகாப் பையும் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களும் தேவை. குளிரான வெளியிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் நுழைந்ததும் கேமராவை எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பைக்குள்ளேயே சிறிதுநேரம் விட்டு, அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறப்பது நல்லது.

நிறுத்துவதற்கும் ஒழுங்கு உண்டு. கொண்டை ஊசி வளைவிலோ வளைவை ஒட்டியோ வண்டியை நிறுத்தக்கூடாது. எதிரே வரும் லாரி ஓட்டுநர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்க்க, கியரில் போட்டு நிறுத்த வேண்டும். மண் இளகியிருந்தால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக்கல். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் படமெடுப்பது உயிரோடு விளையாடுவது.

உரிமமும் ஓட்டுநரும்

வியட்நாமில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. இடப்புறம் ஓட்டிப் பழகிய இந்தியருக்கு, படமெடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பும் கணம்தான் ஆபத்தானது. பழக்கத்தில் இடப்பக்கம் ஏறிவிடுவார். எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் 2007 டிசம்பர் முதல் கட்டாயம்.

உரிம விஷயத்தில் இந்தியர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வியட்நாம் ஏற்கிறது. இந்தியாவில் தரப்படுவது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படியானது. அங்கே செல்லாத அந்த உரிமத்தோடு ஓட்டி விபத்து நேர்ந்தால் அபராதத்தோடு காப்பீட்டுத் தொகையும் கைக்கு வராமல் போகலாம். இதற்கு எளிய வழி, உள்ளூர் ஓட்டுநரின் பின்னிருக்கையில் பயணம் செய்வது. ஈஸி ரைடர் என்ற பெயரில் இந்த ஏற்பாடு எங்கும் கிடைக்கிறது. படமெடுப்பவருக்கு இது இரட்டிப்பு நன்மை. கண்கள் சாலையிலிருந்து விடுபட்டு வயலைப் பார்க்கும். ஊரறிந்த ஒருவர் மொழிபெயர்ப்பாளராகவும் கூடவே இருப்பார்.

எல்லைப் பகுதி என்பதால் வெளிநாட்டவருக்கான அனுமதி விதிகளை ஹா ஜாங் நகரிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்லைக் காவல் நிலையங்களையும் வீரர்களையும் படமெடுக்கக்கூடாது. டிரோன் பறக்கவிட முன்அனுமதி தேவை.

படத்துக்குப் பெயர் வைத்தல்

மலைப்பயணத்தில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான படங்கள் சேரும். அன்றிரவே இரண்டு தனித்தனி இடங்களில் பிரதி எடுத்துவைப்பதோடு, குறிப்பும் எழுதிவைக்க வேண்டும். ஊரின் பெயர், படத்தில் இருப்பவர் எந்த இனத்தார், செய்யும் வேலை என்ன, பயிர் எது, எந்த நாள் என்ற ஐந்தும் இருந்தால் படம் ஆவணமாகிறது. ‘வியட்நாமியப் பழங்குடிப் பெண்’ என்று எழுதுவதற்கும், ‘லுங் தாமில் ஹெம்ப் துணியைக் கல்லால் மெருகேற்றும் ஹ்மோங் நெசவாளர்’ என்று எழுதுவதற்கும் உள்ள தொலைவு பெரிது. முதலாவதில் இருப்பது ஓர் உடை. இரண்டாவதில் ஒரு மனிதரும் அவருடைய கைத்திறனும் இருக்கிறார்கள்.

வியட்நாம் அரசு அங்கீகரித்த இனங்கள் 54. ஹோய் ஆன் நகரில் வாழும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரேஹான், அந்த 54 இனத்தாரின் உருவப்படங்களையும் மரபு உடைகளையும் சேர்த்து அங்கே ஓர் அருங்காட்சியகமே அமைத்திருக்கிறார். யார், எந்த ஊர், என்ன உடை என்ற விவரம் கூடவே இருப்பதால்தான் அந்தத் தொகுப்புக்கு மதிப்பு. அந்த அளவுக்குப் பெரிய வேலையை எல்லாராலும் செய்ய முடியாது. ஆனால் எடுத்த படங்களில் பத்தையாவது அச்சிட்டு, தங்கிய வீட்டு முகவரிக்கோ அழைத்துச் சென்ற ஓட்டுநர் வழியாகவோ உரியவர்களுக்கு அனுப்பிவைப்பது எந்தப் பயணிக்கும் முடிகிற காரியம். படத்தில் இருப்பவர் கைக்கு அந்தப் படம் போய்ச் சேரும்போதுதான் புகைப்படக்காரரின் வேலை முடிகிறது.

(தொடரும்)